மூன்று இரவுக் கப்பல் பயணத்துக்குக் காப்புறுதி எதற்கு?

2024 டிசம்பர் மாதக் கடைசியில் ஒரு நாள், அஸர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்து அமர்ந்தபோது மேசை மேல் ஒரு தடித்த கடித உறை கிடந்தது. நாம் விற்கும் பெயின்ட் கொம்பனி அனுப்பியிருந்தது. வருடாந்த விற்பனை இலக்கை எட்டிய டீலர்களுக்கு, துணைவியருடன் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் மூன்று இரவுகள். 2025 பெப்ரவரியில் பயணம். இடையில் பினாங்கில் ஒரு நாள் நிறுத்தம், ஒரு முழு நாள் கடலில். விமானச்சீட்டு, கப்பல் கட்டணம், மலேசியாவுக்கான விசா எல்லாம் கொம்பனியின் செலவு.

ஹாட்வெயார் துறையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. முன்னர் பேங்கொக், கோலாலம்பூர் என்று அனுப்பினார்கள். இப்போது கப்பல். 2023 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பல் ஹம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் வரத் தொடங்கியதிலிருந்து நம்மவர்கள் மத்தியிலும் கப்பல் ஆசை பரவிவிட்டது. நோன்புக்கு முந்திய மாதம் என்பதால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்று வீட்டில் ஒரே சந்தோஷம்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தின் அடியில், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க வேண்டிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'பயணக் காப்புறுதி பயணிகளின் சொந்தப் பொறுப்பாகும்.'

வேறொருவராக இருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பார். நானும் முன்னர் போயிருக்கிறேன். ஆனால் 2021இல் எனக்கு இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. அதன் பிறகு சிறிய எழுத்துக்களைத் தாண்டிப் போகும் தைரியம் எனக்கு இல்லை.

இந்தப் பத்தியை வாசிக்கும் வர்த்தக சகோதரர்கள் பலரும் இப்போது இத்தகைய பயணங்களுக்குப் போகிறார்கள் என்பதாலும், அநேகருக்கு நாற்பது வயதைத் தாண்டும் முன்பே சீனியும் பிரஷரும் வந்துவிடுகின்றன என்பதாலும், நான் விசாரித்ததையும் முடிவெடுத்த விதத்தையும் இங்கு எழுதுகிறேன்.

விசாவுக்கு வாங்கும் காகிதம்

நம்மில் பலர் பயணக் காப்புறுதியை அறிந்ததே விசா விண்ணப்பத்தின் மூலம்தான். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் போவதென்றால் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி இல்லாமல் விசா இல்லை. எனவே வாங்குகிறோம், தூதரகத்தில் கொடுக்கிறோம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்ப்பதில்லை. சிங்கப்பூருக்கு இலங்கையருக்கு விசா தேவையில்லை. ஆகவே யாரும் கேட்பதில்லை, நாமும் வாங்குவதில்லை. அதிலும் மூன்று இரவு என்றால் 'கண்டிக்குப் போய் வாற மாதிரித்தானே' என்ற எண்ணம்.

ஆனால் நாட்களின் எண்ணிக்கையைப் பார்த்து மாரடைப்பு வருவதில்லை. ஒரு மாதப் பயணத்தைவிட மூன்று நாள் பயணத்தில் ஏதும் நடக்கும் வாய்ப்புக் குறைவு என்பது உண்மை. அதனால்தான் கட்டணமும் குறைவு. நடந்துவிட்டால் வரும் வைத்தியசாலைப் பில் மட்டும் மூன்று நாள் பயணிக்கென்று குறைவதில்லை.

கெய்சர் வீதி ஹாஜியாரின் கதை

எனக்கு மிக நெருக்கமான ஒரு ஹாஜியார் புறக்கோட்டை கெய்சர் வீதியில் துணி இறக்குமதி செய்பவர். 2022 நவம்பரில் மனைவியுடன் இதேபோன்ற ஒரு கப்பலில் சிங்கப்பூரிலிருந்து போனார். முதல் இரவே நெஞ்சு வலி. கப்பலின் வைத்திய நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், இரவு முழுக்கக் கண்காணித்தார்கள். நன்றாகத்தான் பார்த்தார்கள் என்று ஹாஜியாரே சொல்கிறார். ஆனால் கப்பலில் உள்ளது ஒரு சிறு கிளினிக். இரத்தக் குழாய் அடைப்பை அங்கு எடுக்க முடியாது. காலையில் பினாங்குத் துறைமுகத்தில் அம்புலன்ஸ் வந்தது. ஹாஜியாரும் மனைவியும் பெட்டிகளும் இறங்க, மாலையில் கப்பல் தன் பாட்டில் போய்விட்டது. இறங்கும் முன்பே கப்பல் டொக்டரின் பில் அறைக் கணக்கில் ஏறியிருந்தது. கப்பலில் உணவும் படுக்கையும்தான் டிக்கட்டில் சேர்ந்தவை. டொக்டர் சேர்ந்தவர் அல்ல என்பது பலருக்குத் தெரியாது.

பினாங்கில் தனியார் வைத்தியசாலை. சிகிச்சைக்கு முன் முற்பணம் கட்ட வேண்டும், அல்லது காப்புறுதிக் கம்பனியின் உத்தரவாதக் கடிதம் வேண்டும் என்றார்கள். அது 2022. இலங்கை வங்கிகளில் டொலர் இல்லாத வருடம். கொழும்பிலிருந்து மகன்மார் வெளிநாட்டுக்குக் காசு அனுப்ப ஓடிய ஓட்டத்தை நான் கண்ணால் கண்டேன். கடனட்டையின் வெளிநாட்டு எல்லையையும் வங்கி குறைத்து வைத்திருந்தது. கடைசியில் கோலாலம்பூரில் இருந்த ஒரு வியாபாரத் தொடர்பு, இருபது வருடப் பழக்கத்தின் பேரில், முற்பணத்தைக் கட்டினார். எல்லாமாக அன்றைய விலையில் முப்பது இலட்சம் ரூபாவுக்குக் கிட்ட வந்தது.

இதில் முக்கியமான விடயத்தை இன்னும் சொல்லவில்லை. ஹாஜியாரிடம் பயணக் காப்புறுதி இருந்தது.

டிக்கட் எடுத்துக் கொடுத்த ஏஜென்சிப் பையன் அதையும் சேர்த்து எடுத்துக் கொடுத்திருந்தான். விண்ணப்பப் படிவத்தில் 'நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஏதும் உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று அவனே அடையாளமிட்டிருந்தான். ஹாஜியார் 2015 முதல் இரண்டுக்கும் மாத்திரை குடிப்பவர். கையெழுத்து ஹாஜியாருடையது. காப்புறுதிக் கம்பனி வைத்தியசாலையின் அறிக்கையைக் கேட்டு எடுத்தது. அதில் பழைய நோய் விபரமெல்லாம் அவரே டொக்டரிடம் சொன்னபடி பதிவாகியிருந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

"எல்.சி. ஒண்டு வந்தா கமா, புள்ளி எல்லாம் பாக்கிற மனிசன் நான். இத மட்டும் படிக்காம கையெழுத்து வெச்சிட்டேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார். காப்புறுதிக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம் என்று நான் சொன்னேன். அந்த வழி எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 'இல்லை' என்ற அந்த அடையாளத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அவர் போகவில்லை.

சரக்குக்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதி

இறக்குமதி செய்யும் எவரும் கொள்கலனைக் காப்புறுதி இல்லாமல் கடலில் விடமாட்டார். சி.ஐ.எஃப். பெறுமதியில் 110 சதவீதத்துக்கு மரைன் காப்புறுதி என்பது நமக்குப் பாடமான கணக்கு. எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதே வருடம் மார்ச்சில் சுயெஸ் கால்வாயில் எவர் கிவன் சிக்கி, அதன் உரிமையாளர் 'ஜெனரல் அவரேஜ்' அறிவித்தபோது, தம் சரக்குக்கு ஒரு கீறலும் விழாத வியாபாரிகள்கூட மீட்புச் செலவில் பங்கு கொடுக்க வேண்டிய நிலை வந்தது. இப்படியான நேரத்தில் காப்புறுதி உள்ளவருக்குக் கம்பனி உத்தரவாதம் கொடுக்கும். இல்லாதவர் காசைக் கட்டிவிட்டுத்தான் கொள்கலனை எடுக்கலாம். பினாங்கு வைத்தியசாலை வாசலில் ஹாஜியாருக்கு நடந்ததும் இதேதான்.

மரைன் காப்புறுதியில் நாம் கற்றுக்கொண்ட இன்னொரு விடயமும் இங்கு உதவுகிறது. சரக்கைப் பற்றி உண்மையை மறைத்தால் பத்திரம் செல்லாது. சீமெந்தை அனுப்பிவிட்டுப் பீங்கான் என்று எழுத முடியாது. உடம்பைப் பற்றி எழுதும்போது மட்டும் ஏன் இது நமக்கு ஞாபகம் வருவதில்லை என்று தெரியவில்லை. வெட்கமோ, கட்டணம் கூடிவிடும் என்ற பயமோ.

எதைக் காப்புறுதி செய்வது?

நான் முதலில் ஒரு தாளை எடுத்து, இந்தப் பயணத்தில் என்னென்ன நட்டம் வரலாம் என்று எழுதினேன். பயணம் ரத்தாவது, பெட்டி தொலைவது, விமானம் பிந்துவது, கப்பலைத் தவறவிடுவது, நோய், விபத்து, மௌத்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே, வந்தால் கடையின் கல்லாப் பெட்டியால் தாங்க முடியுமா என்று குறித்தேன்.

பெட்டி தொலைந்தால் தாங்கலாம். பயணம் ரத்தானால், எனது விடயத்தில், கொம்பனி கொடுத்த இனாம்தான் போகும். சொந்தக் காசில் போகிறவருக்கும் மூன்று இரவுக் கட்டணம் என்பது வீட்டைக் கவிழ்க்கும் தொகையல்ல. வைத்தியசாலையும், அங்கிருந்து ஊருக்குக் கொண்டுவரும் செலவும்தான் தாங்க முடியாதவை. சிங்கப்பூரில் அரசாங்க வைத்தியசாலையிலும் வெளிநாட்டவருக்கு மானியம் இல்லை, முற்பணமும் கேட்பார்கள். படுத்த படுக்கையாக ஒருவரை விமானத்தில் கொண்டுவருவதென்றால் பல ஆசனங்களை மடக்கி ஸ்ட்ரெச்சர் போட வேண்டும். கூட ஒரு டொக்டரோ தாதியோ வர வேண்டும்.

எனவே விற்பனையாளர்கள் பெரிதாகக் காட்டும் 'ரத்துச் செய்தல்' பகுதியை நான் பொருட்படுத்தவில்லை. நமக்கு அது அவ்வளவு உதவாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரத்துக்குப் பணம் கொடுக்கும் காரணங்கள் பத்திரத்தில் பட்டியலிடப்பட்டிருக்கும்: கடும் நோய், நெருங்கிய உறவினரின் மரணம் போன்றவை. வியாபாரிகள் பயணத்தைக் கைவிடும் காரணங்கள் வேறு. கொள்கலன் சுங்கத்தில் சிக்கும், பெரிய செக் ஒன்று திரும்பி வரும், கணக்குப்பிள்ளை சொல்லாமல் நின்றுவிடுவான். இவை எந்தப் பட்டியலிலும் இல்லை.

கப்பல் பக்கத்தில் வரும் கோளாறுகளையும் பார்த்தேன். 2013 பெப்ரவரியில் அமெரிக்காவின் கல்வெஸ்டனிலிருந்து நான்கு நாள் பயணமாகப் போன கானிவல் ட்ரையம்ஃப் கப்பலில் இயந்திர அறை தீப்பிடித்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மின்சாரமும் மலசலகூடமும் சரியாக இல்லாமல் மெக்சிக்கோ வளைகுடாவில் மிதந்து, பெப்ரவரி 14ஆம் திகதி இரவுதான் இழுவைப் படகுகளால் கரை சேர்க்கப்பட்டார்கள். அங்கே கொம்பனியே முழுக் கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்து, மேலும் 500 டொலர் கொடுத்தது. பெரிய பகிரங்கமான கோளாறு என்றால் கப்பல் கொம்பனி தன் பெயரைக் காக்கவாவது கொடுக்கும். ஆனால் காலநிலை காரணமாகப் பினாங்கில் நிறுத்தாமல் போனால் பெரும்பாலும் துறைமுகக் கட்டணம் மட்டும்தான் திரும்பும். பாதையை மாற்றும் உரிமை தமக்குண்டு என்று டிக்கட் நிபந்தனையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

கப்பல் கொம்பனியே கவிழ்ந்தால்? 2022 ஜனவரியில் கென்டிங் ஹொங்கொங் நிறுவனம் தன்னைக் கலைத்துவிடும்படி நீதிமன்றத்தில் மனுச் செய்தது. அதன் 'வேர்ல்ட் ட்ரீம்' கப்பல் மார்ச் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஓட்டத்தை நிறுத்தியது. முற்பணம் கட்டியிருந்தவர்கள் கடன்காரர் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. வங்குரோத்துக்குக் காப்பளிக்கும் பத்திரங்களில்கூட அது கப்பல் கொம்பனியைச் சேர்க்குமா, டிக்கட் விற்ற முகவரை மட்டும்தானா என்று பார்க்க வேண்டும். சொந்தக் காசில் போகிறவர்கள் ஆறு மாதத்துக்கு முன்பே முழுக் காசையும் கட்டாதிருப்பது இதைவிட மலிவான பாதுகாப்பு.

மூன்று கவுண்டர்கள்

இனி நான் ஏறி இறங்கிய மூன்று காப்புறுதிக் கம்பனிகள். பெயர் வேண்டாம்.

முதலாவதில் கவுண்டரில் இருந்த பிள்ளை மிக மரியாதையாகப் பேசியது. ஏழு நாளுக்கு ஆளுக்கு மூவாயிரத்து அறுநூறு ரூபா. 50,000 டொலர் வரை வைத்தியச் செலவு. ஸ்டென்ட் பற்றிச் சொன்னேன். "அதெல்லாம் எழுதத் தேவல்ல சேர், சும்மா சைன் பண்ணுங்க" என்றது. ஹாஜியாரின் முகம் ஞாபகம் வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவதில் நேர்மையாகச் சொன்னார்கள். பத்திரம் தருவோம், ஆனால் இதயம் சம்பந்தப்பட்ட எதற்கும் ஒரு சதமும் தரமாட்டோம். கால் முறிந்தால், உணவு நஞ்சானால், குடல்வால் வெடித்தால் தருவோம் என்றார்கள். நான் எதற்குப் பயப்படுகிறேனோ அதை நீக்கிவிட்டு மற்றதையெல்லாம் தருகிற பத்திரம். இதையும் ஒரேயடியாக ஒதுக்கக் கூடாது. ஸ்டென்ட் உள்ளவனுக்கும் கால் முறியும்.

மூன்றாவது கம்பனி இதய வைத்தியரின் கடிதம் கேட்டது. கடந்த ஆறு மாதத்தில் வைத்தியசாலையில் தங்கவில்லை, மருந்து மாற்றப்படவில்லை, பயணத்துக்குத் தகுதியானவர் என்று எழுதி வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் பழைய நோயினால் திடீரென உயிராபத்தான நிலை ஏற்பட்டால், உயிரைக் காக்கும் அவசர சிகிச்சைக்கு 10,000 டொலர் வரை தருவதாகப் பத்திரத்திலேயே எழுதித் தந்தார்கள். மற்ற நோய், விபத்துகளுக்கு 50,000. கட்டணம் எனக்குப் பதினோராயிரம் ரூபாவுக்குச் சற்று மேல். முதல் கவுண்டரின் விலையைப் போல மூன்று மடங்கு.

பத்தாயிரம் டொலர் சிங்கப்பூரில் போதாது. பினாங்கில், ஹாஜியாரின் பில்லை வைத்துப் பார்த்தால், போதும். இந்தக் கணக்கை நான் வீட்டில் மறைக்கவில்லை. மனைவியிடம் சொன்னபோது, "அப்ப போகாமலே ஈந்தா என்ன?" என்றார். அதுவும் ஒரு தெரிவுதான். இரண்டு நாள் யோசித்தேன். வைத்தியர் தடையில்லை என்றார். அந்தப் பாதையில் கப்பல் மலாக்கா நீரிணை வழியாகப் போவதால் கரையை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. அட்லாண்டிக்கைக் கடப்பது என்றால் நான் போயிருக்க மாட்டேன்.

எனக்கு மூன்றாவது கம்பனியின் பத்திரம். நோய் ஏதும் இல்லாத மனைவிக்கும் அதே கம்பனியில், சாதாரணக் கட்டணத்தில். இருவருக்கும் ஒரே அவசர உதவித் தொலைபேசி இலக்கம் இருப்பது நல்லது. அந்த இலக்கத்துக்கு 24 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. உத்தரவாதக் கடிதம் வருவதே அந்த அழைப்புக்குப் பிறகுதான் என்பதால் நோயாளியைவிடக் கூட இருப்பவருக்குத்தான் அது தெரிந்திருக்க வேண்டும். மனைவியின் கடவுச்சீட்டு உறைக்குள் எழுதி ஒட்டினேன். ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் 100 டொலர் நம்முடையது.

கையெழுத்திடும் முன் இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்கினேன். நடுக்கடலில் கப்பல் டொக்டரிடம் எடுக்கும் சிகிச்சை இதில் அடங்குமா? உல்லாசக் கப்பல் பயணம் விதிவிலக்குகளில் உள்ளதா? சில பத்திரங்களில் கப்பல் பயணத்துக்கு மேலதிகக் கட்டணம் கட்டினால்தான் காப்பு உண்டு. வாயால் சொல்லும் 'ஓம்' கோரிக்கை வரும் நாளில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கொள்ளை நோய் பற்றிய பந்தியையும் வாசியுங்கள். 2020 பெப்ரவரியில் யொகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் முடக்கப்பட்டு எழுநூறுக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றிய பிறகு, ஒவ்வொரு கம்பனியும் அந்தப் பந்தியைத் தன் விருப்பப்படி திருத்தி எழுதியிருக்கிறது.

'கார்ட்டில இருக்குதானே'

என்னுடன் வந்த டீலர்களில் பாதிப்பேர் சொன்ன பதில் இது. கடனட்டையுடன் இலவசமாக வரும் பயணக் காப்புறுதி. வங்கியிடம் கேட்டு நிபந்தனைகளை எடுத்துப் பார்த்தேன். என் கார்டில் இருப்பது பெரும்பாலும் விமான விபத்தில் மரணம் அல்லது அங்கவீனம் ஏற்பட்டால் கொடுக்கும் தொகை. அதுவும் டிக்கட்டை அந்தக் கார்டினால் வாங்கியிருந்தால் மட்டும். நம் டிக்கட்டை வாங்கியது பெயின்ட் கொம்பனி. எனவே அதுவும் இல்லை. உங்கள் கார்ட் வேறாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

மரணம் என்றதும் இன்னொன்று. பத்திரத்தில் ஜனாஸாவை நாட்டுக்குக் கொண்டுவரும் செலவு என்று ஒரு வரி இருக்கும். நம்மில் பலர் மௌத்தான இடத்திலேயே தாமதமின்றி அடக்க விரும்புவோம். அங்கேயே அடக்கம் செய்யும் செலவையும் அந்த வரி உள்ளடக்குகிறதா என்று பார்த்து வாங்கினேன். இதைப் பற்றி வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் நல்லது. வாயில் வராத பேச்சுத்தான், ஆனாலும்.

வழக்கமான காப்புறுதி பற்றி மார்க்க ரீதியான தயக்கம் உள்ளவர்கள் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். தகாஃபுல் முறை 1999 முதல் நம் நாட்டில் இயங்குகிறது என்பதை மட்டும் இங்கு சொல்லி வைக்கிறேன். எந்த முறையானாலும் படிவத்தை வாசிக்கும் வேலை நம்முடையதுதான்.

கப்பல் காத்திராது

விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த விமானம் உண்டு. கப்பல் அப்படியல்ல. புறப்படுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகவே ஏறும் வாசலை மூடிவிடுவார்கள். கொம்பனியின் திட்டப்படி நாம் நள்ளிரவில் கட்டுநாயக்கவில் ஏறி, காலையில் சிங்கப்பூரில் இறங்கி, அன்றே மாலையில் கப்பல் ஏற வேண்டும். 2019 ஏப்ரலில் ஊரடங்குச் சட்டத்துக்குள் விமான நிலையம் போய்ச் சேர்ந்தவர்களுக்கும், 2022இல் எரிபொருள் இல்லாமல் நின்றவர்களுக்கும் ஒரு நாள் முன்னதாகப் போவதன் அருமை தெரியும். 'விமானத் தாமதம்' என்ற தலைப்பில் காப்புறுதி தருவது சில மணித்தியாலங்களுக்குப் பின் ஒரு சிறு தொகை. தவறிய கப்பலைப் பினாங்குக்குத் துரத்திப் போய்ப் பிடிக்கும் செலவு அதில் வராது.

நாங்கள் இருவரும் சொந்தச் செலவில் ஒரு நாள் முந்திப் போனோம். சுல்தான் பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு சிறிய ஹொட்டலில் தங்கினோம். அந்த ஒரு நாள் வீணாகவில்லை. பூட்டுகளும் கதவுப் பிடிகளுமாகச் சில மாதிரிகள் வாங்கினேன். இங்கும் ஒரு சங்கதி உண்டு. வியாபார மாதிரிகளும் விற்பனைப் பொருட்களும் பயணப் பொதிக் காப்பில் சேருவதில்லை. மாணிக்க வியாபாரிகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கல்லும் நகையும் பெரும்பாலான பத்திரங்களில் விலக்கப்பட்டிருக்கும், அல்லது மிகச் சிறிய தொகைக்கு மட்டுப்படுத்தப்பட்டிருக்கும். பேருவளை சகோதரர்கள் பையில் போட்டுக்கொண்டு போகும் பொருளுக்குப் பயணக் காப்புறுதியை நம்ப முடியாது.

பயணம்

அல்ஹம்துலில்லாஹ், எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. காலையில் மேல்தட்டில் நடந்தேன், மாத்திரைகளை நேரத்துக்குக் குடித்தேன். மாத்திரைகளைக் கைப்பையில் இரண்டு பங்காக வைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் குருநாகல் டீலர் ஒருவர் நீச்சல் தடாகப் படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வயது முப்பத்தெட்டு, நல்ல தேகாரோக்கியம், காப்புறுதி இல்லை. கப்பல் டொக்டர் எக்ஸ்ரே எடுத்துக் கட்டுப் போட்டார். பில் அறுநூற்றுச் சொச்சம் சிங்கப்பூர் டொலர், அறைக் கணக்கில். இரவுச் சாப்பாட்டின்போது எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு அந்தப் பில்லைத்தான் பார்த்தார்கள்.

"இது பெரிய காசில்ல நானா, ஒரு லோட் சீமெந்தில வாற லாபம்" என்றார் என்னிடம். நான் மறுக்கவில்லை. என் கணக்கின்படியும் அது தாங்கக்கூடிய நட்டம்தான். காப்புறுதி இருந்திருந்தாலும் முதல் 100 டொலர் அவருடையது. பிறகு அவரே கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "இடுப்பு முறிஞ்சிருந்தா?" என்று கேட்டார். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

இந்த வருடக் கடிதமும் வந்துவிட்டது. அதே கப்பல் பாதை, இரண்டாம் பக்கத்தின் அடியில் அதே வரி. பழைய வைத்தியர் கடிதம் இப்போது செல்லாது என்று மூன்றாவது கம்பனி சொல்கிறது. புதிது எடுக்க அடுத்த செவ்வாய்க்கிழமை கண்டிக்குப் போகிறேன். குருநாகல் டீலரும் போன கிழமை அழைத்து அந்த இரண்டு மின்னஞ்சல் கேள்விகளையும் தனக்கு அனுப்பும்படி கேட்டார். அனுப்பிவிட்டேன்.